ஒரே அளவு ஜாக்கெட்

முத்தியால்பேட்டையில் என் பட்டறை வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறேன். ‘உங்களைப் போல் நீங்கள் மட்டும்தான்’ என்று அதில் எழுதியிருக்கும். கடைப் பெயர் எழுத வேண்டிய இடத்தில் இப்படி எழுதினால் இது தையல் கடை என்று யாருக்கம்மா தெரியும் என்று பலகை எழுதியவர் கேட்டார். அவர் பேச்சைக் கேட்காமல் எழுத வைத்தேன். அந்த வாக்கியத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

ஒரு நாள் காலை அந்தப் பலகைக்கு எதிரே இரண்டு பெண்கள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே முகம், ஒரே உயரம். காதோரம் நரைத்திருந்த விதம்கூட ஒன்றுதான். பச்சை நூல் சேலையும் இழுத்துச் செருகிய கொண்டையும் இருவருக்கும் பொது. ஐம்பதைத் தாண்டிய இரட்டைப் பிள்ளைகள். பலகையை எழுத்துக் கூட்டிப் படித்த ஒருவர் மற்றவரைப் பார்த்து, “அப்ப நமக்கு இங்க தைக்க மாட்டாங்க போல” என்றார். இருவரும் மறுபடியும் சிரித்தார்கள்.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஊருக்கு வடக்கே கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்தார்கள். பக்கத்துப் பக்கத்து வீடு, மார்க்கெட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் வியாபாரம். யார் மூத்தவர் என்று கேட்டேன். ஒருவர் கையைத் தூக்கினார். அன்றிலிருந்து அவர் எனக்குப் பெரியக்கா, மற்றவர் சின்னக்கா. சின்னக்காவின் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதற்கு இருவருக்கும் பட்டு ஜாக்கெட் தைக்க வேண்டும், ஒரே துணியில், ஒரே மாதிரி.

ஊரில் இத்தனை தையல்காரர்கள் இருக்கும்போது என்னிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா சொல்லி அனுப்பியதாகச் சொன்னார்கள்.

“எங்களுக்குப் போன வருசம் ஆபரேசன் ஆச்சு. மாரு எடுத்துட்டாங்க. அதுலேருந்து கை வீங்கிப் போவுது, எந்த ஜாக்கெட்டும் நொழைய மாட்டேங்குது” என்றார் பெரியக்கா.

நான் அவர் கையைப் பார்த்தேன். வீக்கம் இல்லை. இரண்டு பேருக்குமா என்று தயங்கிக் கேட்டேன். பெரியக்கா தங்கையின் இடது கையைத் தூக்கிக் காட்டினார். சின்னக்கா கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கைக்கு மேலே சதை பொம்மென்று இருந்தது. வீக்கத்துக்குப் போடும் ரப்பர் உறையைக் கழற்றிய தடம் தெரிந்தது. அவர்களுக்கு எல்லாமே ‘எங்களுக்கு’தான் என்று பிறகுதான் புரிந்துகொண்டேன். எங்களுக்குக் காய்ச்சல், எங்களுக்குப் பொண்ணு பொறந்தது, எங்களுக்குக் கத்திரிக்கா ஆகாது. யாருக்கு எது என்று ஒவ்வொரு முறையும் நான் குழம்பிக் கேட்க வேண்டியிருந்தது.

அளவு எடுக்க டேப்பை எடுத்தேன். பெரியக்கா பையிலிருந்து ஒரு பழைய ஜாக்கெட்டை எடுத்து மேஜைமேல் போட்டார். அளவு ஜாக்கெட். ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று எங்கே என்றேன். “ஒண்ணு போதுமேம்மா, எங்களுக்கு எப்பவும் ஒண்ணுதான்” என்றார். சின்ன வயதிலிருந்து எந்தத் தையல்காரரிடம் போனாலும் ஒரு அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து இரண்டு தைத்து வாங்கிப் பழக்கம். இரண்டில் எது யாருடையது என்று வீட்டில் பிரித்து வைத்ததே கிடையாதாம்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டறை வைப்பதற்கு முன்னால் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் பேட்டர்ன் போடும் வேலை பார்த்தேன். அங்கே என் மேஜைக்குப் பக்கத்தில் தலையில்லாத ஒரு பொம்மை நிற்கும். நாங்கள் வெட்டியதெல்லாம் அந்தப் பொம்மைக்குச் சரியாக இருக்கும். எனக்குத் தெரிந்த யாருக்கும் சரியாக இருக்காது. எனக்கே இருக்காது, என் கைகள் கொஞ்சம் அதிக நீளம். பள்ளிக்கூட நாளிலிருந்து எந்தச் சட்டையின் கையும் என் மணிக்கட்டைத் தொட்டதில்லை. கொக்கு என்று கூப்பிடுவார்கள். ஒரு கட்டத்தில் அந்தப் பொம்மையைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது. வேலையை விட்டேன். கூட வேலை பார்த்த என் தோழியும் விட்டுவிட்டு வந்தாள். அவள் தைப்பாள், நான் வெட்டுவேன்.

நான் உடம்பின் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் தனித்தனியாக அளப்பேன். யாருடைய உடம்பும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. பொம்மையின் அளவிலிருந்து அந்த உடம்பு எங்கே விலகுகிறதோ அந்த இடத்தில் வேறு நிற நூலால் ஒரு கோடு ஓட்டுவேன். அதுதான் என் அடையாளம். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சிப்பாய், ஊர்ப் பேச்சில் சொல்தா, ஒரு தோள் இறங்கியவர், அந்தத் தோளில் சிவப்புக் கோடு போட்ட சட்டையோடு கடற்கரைச் சாலையில் மார்பை நிமிர்த்தி நடப்பார். கழுத்தில் தீக்காயம் பட்ட ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு, காயம் முழுவதும் தெரிகிற மாதிரி அகலக் கழுத்து வைத்து, விளிம்பில் மஞ்சள் நூல் ஓட்டிக் கொடுத்தேன். அவள் கண்ணாடி முன்னால் வெகு நேரம் நின்றாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் படித்த கல்லூரியிலேயே என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். வித்தியாசம் ஒளித்து வைக்கிற பொருள் இல்லை என்று மேடையில் சொன்னேன். கை தட்டினார்கள். நான் சொன்னதை நானே முழுசாக நம்பிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

அப்படிப்பட்டவளிடம் ஒரே மாதிரி வேண்டும் என்று இரண்டு பேர் வந்து நின்றால் என்ன செய்வேன்? சரி என்றுதான் சொன்னேன். தைத்துக் காட்டினால் மனசு மாறிவிடுவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

இருவரையும் தனித்தனியாக அளந்தேன். டேப்பின் முன்னால் தனியாக நிற்பதே அவர்களுக்குப் புதிதாக இருந்தது. பெரியக்காவை அளக்கும்போது சின்னக்கா மூச்சை இழுத்துப் பிடித்தார். சின்னக்காவை அளக்கும்போது பெரியக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தழும்பின் மேல் டேப் பட்டபோது நான்தான் தயங்கினேன். “பரவால்லம்மா, வலி இல்ல” என்றார் சின்னக்கா.

சின்னக்காவின் ஜாக்கெட்டை முதலில் முடித்தேன். அரக்கு நிறப் பட்டு. இடது கைக்குப் பருத்தி லைனிங் வைத்துத் தளர்வாக வெட்டினேன். இடது மார்புப் பக்கத்தில் மார்பு வடிவத்துக்கான டாட் மடிப்பு பிடிக்காமல் தட்டையாக விட்டேன். தழும்பு எந்தத் திசையில் போகிறதோ அதே திசையில், அக்குளிலிருந்து கீழே சரிந்து வருகிற மாதிரி, நீல நூலில் ஒரு கோடு ஓட்டினேன். என் கையால் செய்தவற்றில் அது நல்ல வேலை என்று இப்போதும் நினைக்கிறேன். தோழிகூட மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள்.

போட்டுப் பார்க்க இருவரும் வந்தார்கள். சின்னக்கா திரையின் பின்னாலிருந்து வெளியே வந்ததும் பெரியக்காவின் முகம் மாறியது. அந்தக் கோட்டை விரலால் தொட்டு, இது எதற்கு என்று கேட்டார். நான் கல்லூரியில் சொன்னதையெல்லாம் கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அது இல்லன்னுதான் தெரியுதே கண்ணு. அதுக்கு நூலு வேற போட்டுக் காட்டணுமா?”

நூலைப் பிரித்துவிடச் சொன்னார். இடது பக்கம் பஞ்சு வைத்து, பார்த்தால் இரண்டு பேரும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்றார். கல்யாணத்துக்கு வருகிற ஊர் சனம் முழுவதும் தன் தங்கையின் மார்பைத்தான் பார்க்கும், அதைத் தன்னால் தாங்க முடியாது என்றார். சின்னக்கா கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு, கட்டைவிரலால் அந்த நீலக் கோட்டை மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தார். உங்களுக்கு என்ன தோணுது அக்கா என்று அவரிடம் நேராகவே கேட்டேன். “அவ சொல்ற மாதிரி செஞ்சிடும்மா” என்றார்.

அவர்கள் போனதும் நூலைப் பிரித்தேன். பட்டில் ஊசி ஏறிய தடம் லேசாக நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க மனசு ஒரு நிலையில் இல்லை. கேட்டதைத் தைத்துக் கொடுப்பதில் உனக்கு என்ன கஷ்டம் என்றாள் தோழி. கஷ்டம் என்னவென்று எனக்கே தெரியவில்லை. பெரியக்கா சொன்னது தப்பு என்று சொல்ல முடியவில்லை. சரி என்று சொல்லவும் முடியவில்லை.

சில நாட்கள் கழித்து சின்னக்கா தனியாக வந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்தவர், அக்காவை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, மாத்திரை வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு இங்கே வந்திருந்தார். அவரைத் தனியாகப் பார்த்தபோது பாதி ஆள் வந்து நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு உடனே என்மீதே கோபமும் வந்தது. உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, அந்தக் கோட்டைத் திரும்பப் போட முடியுமா என்று கேட்டார். பஞ்சும் வேண்டாமாம். வெளியே போகும்போது இப்போதே பழைய ஜாக்கெட்டில் பஞ்சு வைத்துப் பார்க்கிறாராம், வெயிலில் வேர்த்து, தழும்பில் உரசி, அரிப்பு எடுக்கிறது என்றார்.

பெரியக்காவிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

“ஆஸ்பத்திரில இருந்தப்ப யாரும் என்ன ‘நீயா, அவளா’ன்னு கேக்கலம்மா. நர்சு, டாக்டரு, பக்கத்துக் கட்டில்ல இருந்த பொம்பள, எல்லாத்துக்கும் என்னத் தெரியும். என்ன மட்டும் தெரியும். நான் படுத்துக்கினு இருப்பேன், வலி உசுரு போவும், ஆனா மனசுக்குள்ள ஒரு மாதிரி நல்லா இருக்கும். நோவு வந்து நல்லா இருந்துச்சுன்னு வெளிய சொல்ல முடியுமா?”

சொல்லிவிட்டுத் தன் காதையே நம்பாதவர்போல என்னைப் பார்த்தார். அக்கா தனக்காக அந்த வருடம் முழுவதும் வியாபாரத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக்கிடந்ததையும், வாந்தி எடுத்தால் கையில் ஏந்தியதையும் சொன்னார். அப்படிப்பட்டவளிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்றார். எனக்கும் தெரியவில்லை. கோட்டைப் போட்டுத் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். நான் நினைத்ததுதான் சரி என்று ஒரு திருப்தி வந்ததையும் மறைக்க வேண்டியதில்லை.

அந்தத் திருப்தி நிலைக்கவில்லை. அதே வாரத்தில் பெரியக்காவும் தனியாக வந்தார். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தார். சேலையில் மீன் வாசம், முன்கையில் செதில் ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னால் துணியெல்லாம் வாசம் பிடிக்கும் என்று வாசற்படியிலேயே நின்றார். தன் ஜாக்கெட்டை வெட்டிவிட்டேனா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

அப்படியென்றால் தங்கைக்குப் பஞ்சு வைக்க வேண்டாம் என்றார், தனக்கும் இடது பக்கத்தைத் தட்டையாக வெட்டச் சொன்னார். இடது கையையும் தங்கைக்கு வைத்த அளவுக்கே தளர்வாக வைக்கச் சொன்னார். எனக்கு முதலில் புரியவே இல்லை. உங்களுக்கு எதற்கு அக்கா, உங்கள் உடம்புக்கு அது சரியாக வராதே என்றேன். உள்ளே துணி சுற்றி இறுக்கிக்கொள்வதாகச் சொன்னார்.

“அவ பஞ்ச வெச்சிக்கினு அவஸ்தப்படுறா, சொல்ல மாட்டேங்குறா. அவ என்ன மாதிரி ஆவ முடியாதும்மா. நான் அவ மாதிரி ஆயிடுறேன்.”

தோழி மிஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் என்னென்னவோ சொன்னேன். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள் என்றேன். பேசிக்கொள்ள அவர்களுக்குள் என்ன இருக்கிறது, அவள் நினைப்பதுதான் தனக்குத் தெரியுமே என்றார். அப்போது வாயைத் திறந்து சின்னக்கா வந்துபோனதைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அது என்னிடம் நம்பிச் சொன்ன வார்த்தை. போகும்போது பெரியக்கா, டாக்டர் தன்னையும் ஒரு பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லியிருப்பதாகவும், கூடப் பிறந்தவர்களுக்கும் அந்த நோய் வர வாய்ப்பு உண்டாம் என்றும், தான் இன்னும் போகவில்லை என்றும் படியிறங்கியபடியே சொன்னார். பயமா அக்கா என்று கேட்டேன். வந்தால் நல்லது என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது என்றார். சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துபோய்விட்டார்.

அடுத்து வந்த நாட்களில் அந்த அரக்குப் பட்டை மேஜையில் விரித்துப்போட்டு, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். ஒருத்திக்குத் தான் தனி என்று தெரிய வேண்டும். இன்னொருத்திக்கு அவளோடு ஒன்றாகத் தெரிய வேண்டும். இருவரில் யாருடைய ஆசையை என்னால் தப்பு என்று சொல்ல முடியும்? ஒவ்வொருவரும் தன்னைப் போல் இருக்கட்டும் என்றுதானே நான் தைக்க வந்தேன். பெரியக்கா பெரியக்காவாக இருப்பது என்றால் தங்கையைப் போல் இருப்பது என்று ஆகிவிட்டால் நான் எந்த இடத்தில் கோடு போடுவது? அந்தக் கேள்வியை எந்தப் பக்கம் புரட்டினாலும் பிடி கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பாதியிலேயே யார் பெரியவர் யார் சின்னவர் என்று குழம்பிப்போய், மறுபடியும் முதலிலிருந்து சொல் என்றார். சொல்லவில்லை.

“நீ தைக்கிறவடி. நாட்டாமை இல்ல. ரெண்டு பேரும் கேட்டத தைச்சுக் குடு” என்றாள் தோழி.

கடைசியில் அப்படித்தான் செய்தேன். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. சின்னக்காவுக்குப் பஞ்சு இல்லாமல், நீலக் கோட்டோடு. பெரியக்காவுக்கு இடது பக்கம் தட்டையாக, கை தளர்வாக. தைத்து முடித்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, கோட்டைத் தவிர இரண்டும் ஒன்றாகவே இருந்தன. இந்தப் பட்டறையில் ஒரே மாதிரி இரண்டு உருப்படி தைத்தது அதுதான் முதல்முறை.

வாங்கிக்கொள்ள இருவரும் சேர்ந்து வந்தார்கள். ஒவ்வொருவராகப் போட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். கேட்காமல் இருவரும் சேர்ந்தே திரையின் பின்னால் போனார்கள். கொஞ்ச நேரம் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. தோழி மிஷினை நிறுத்தினாள்.

சின்னக்காதான் முதலில் வெளியே வந்தார். நீலக் கோடு போட்ட ஜாக்கெட் அவர்மேல் அழகாகப் படிந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. பின்னாலேயே பெரியக்கா வந்தார். துணியைச் சுற்றி இறுக்கியிருந்ததால் மூச்சு விடச் சிரமப்பட்டார். இடது பக்கம் தட்டையாக இருந்தது. வலது பக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால், இல்லாத ஒரு காயத்தை யாரோ அவர்மேல் வரைந்து வைத்த மாதிரி இருந்தது. நான்தான் அதை வெட்டியவள் என்பது அந்த நிமிடத்தில் எனக்கு நம்ப முடியாததாக இருந்தது.

“எனக்குன்னு தனியா வந்தது இந்த நோவு ஒண்ணுதான்” என்றார் சின்னக்கா. குரல் உயரவே இல்லை. “அதையும் நீ பாதி எடுத்துக்கிறியா?”

பெரியக்கா திகைத்துப்போய் நின்றார்.

“நான் பாதி எடுத்துக்கினா உனக்குப் பாதிதான இருக்கும்னு நெனச்சேன்.”

பெரியக்கா மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். சின்னக்கா அவருக்கு எதிரே குந்தி, முதுகுப்பக்கம் கையை விட்டு, உள்ளே சுற்றியிருந்த துணியின் முடிச்சை அவிழ்த்தார். வீங்கிய கையால் முடிச்சு லேசில் வரவில்லை. நான் உதவப் போனேன். வேண்டாம் என்று கண்ணால் காட்டினார். முடிச்சு அவிழ்ந்ததும் பெரியக்கா நீளமாக மூச்சு விட்டார், அப்புறம் அழுதார். கோபம் போய்விட்டதா, பாவம் என்று அவிழ்த்தாரா, இரண்டுமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நானும் தோழியும் துணி அடுக்குகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

சின்னக்கா தன் ஜாக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெரியக்கா தன்னுடையதை மேஜைமேலேயே விட்டுவிட்டார். தெருவில் சின்னக்கா முன்னால் நடக்க, பெரியக்கா நாலு எட்டுப் பின்னால் நடந்தார். அப்படி முன்னும் பின்னுமாக அவர்கள் நடந்து நான் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்தேன். கூப்பிட மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பெரியக்கா போன் செய்து, எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்றார்.

கடலை ஒட்டிய மண்டபம். முன்வரிசை நாற்காலிகளில் அலைச் சத்தத்தையும் மீறி மேளம் காதை அடைத்தது. சின்னக்கா அரக்குச் சேலையில், நீலக் கோடு போட்ட ஜாக்கெட்டோடு, எல்லாரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் அவர் மார்பைப் பார்த்தார்கள். பெரியக்கா பயந்த மாதிரியே பார்த்தார்கள். சிலர் சட்டென்று பார்வையைத் திருப்பினார்கள். ஒரு வயதான அம்மா அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்து, இது என்ன புது ஃபேஷனா என்று கேட்டார். சின்னக்கா ஏதோ சொல்ல இருவரும் சிரித்தார்கள். சின்னக்கா நன்றாகத்தான் இருந்தார். ஆனால் கூட்டத்தில் யாராவது நெருங்கி வந்தால் உடனே சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டதையும் பார்த்தேன்.

பெரியக்கா பழைய பட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு பந்தியருகே நின்றிருந்தார். என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் இலை முன்னால் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். சாப்பிடாமல் இலையையே பார்த்தார்.

“இன்னிக்கி ஒருத்தர்கூட என்ன அவளா நெனச்சிப் பேசல, பாத்தியா” என்றார்.

அது சந்தோஷமா வருத்தமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் அதையே என் முகத்தில் தேடுகிற மாதிரி என்னைப் பார்த்தார். பாயசம் போட ஆள் வந்தது. பேச்சு அதோடு நின்றது.

போட்டோ எடுக்கும்போது சின்னக்கா மேடையிலிருந்து கையை ஆட்டி அக்காவைக் கூப்பிட்டார். பெரியக்கா ஏறி, வலது பக்கமாகப் போய் நின்றார். சின்னக்கா அவரைப் பிடித்து இழுத்துத் தன் இடது பக்கம் நிறுத்தி, வீங்கிய கையைத் தூக்கி அவர் தோள்மேல் போட்டுக்கொண்டார். கை பாரமாக இருந்ததாலா, அந்தப் பக்கம் மறையட்டும் என்றா, அக்கா அங்கே இருக்க வேண்டும் என்றா, எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு என் வேலையில் ஒரு மாற்றம் வந்தது. கோடு போடுவதற்கு முன்னால் கேட்கிறேன். நூல்கண்டுகளை மேஜைமேல் பரப்பி வைத்துவிட்டு, போடட்டுமா, வேண்டாமா, எந்த இடத்தில், என்ன நிறம் என்று கேட்கிறேன். சிலர் பெரியதாகப் போடச் சொல்கிறார்கள். சிலர் உள்பக்கம் போடச் சொல்கிறார்கள், தங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதுமாம். கழுத்தில் தீக்காயம் பட்ட அந்தப் பெண் அந்த உடுப்போடு திரும்ப வந்து, வேலைக்கான நேர்முகத் தேர்வு இருக்கிறது, கழுத்தை மூடித் தைத்துத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டாள். எதற்கு மன்னிப்பு என்று சொல்லி மஞ்சள் நூலைப் பிரித்து, கழுத்தை ஏற்றிக் கொடுத்தேன். அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. வருத்தப்படுவதா சந்தோஷப்படுவதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. கல்லூரிகளில் பேசக் கூப்பிட்டால் இப்போது போகிறேன், ஆனால் குறைவாகப் பேசுகிறேன்.

மழைக்காலம் தொடங்கியபோது அக்காக்கள் இருவரும் வந்தார்கள். சின்னக்கா மறுபடியும் வியாபாரத்துக்குப் போக ஆரம்பித்திருந்தார். கூடை தூக்குவதில்லை, உட்கார்ந்த இடத்தில் விற்பதோடு சரி. மார்க்கெட்டுக்குக் கட்டிக்கொள்ள அழுக்கு தெரியாத நிறத்தில், இடது கை தளர்வாக, பருத்தி ஜாக்கெட்டுகள் வேண்டும் என்றார். கோடு போடட்டுமா என்று கேட்டேன். மீன் தண்ணீர் பட்டால் நூல் சாயம் இறங்கும், தினசரிக்கு எதற்கு அதெல்லாம் என்று சாதாரணமாகச் சொன்னார். பெரியக்கா பரிசோதனைக்குப் போய்விட்டு வந்ததை அவரே சொன்னார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். சொல்லும்போது சின்னக்கா அவர் முதுகைத் தட்டினார். பெரியக்கா தரையைப் பார்த்தார்.

சின்னக்காவின் அளவை எழுதிக்கொண்டு பெரியக்காவிடம் திரும்பி, உங்களுக்கு எப்படி வேண்டும் என்று கேட்டேன். அவர் வழக்கம்போலத் தங்கையைப் பார்த்தார். சின்னக்கா வேண்டுமென்றே வாசல் பக்கம் போய்த் தெருவை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

“எனக்கா?” என்றார் பெரியக்கா. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, “தெரியலையேம்மா” என்றார்.

அலமாரியைத் திறந்து துணிகளைக் காட்டினேன். அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஊதாவை எடுத்தார், வைத்தார். கோடு போட்டதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அதையும் மடித்து வைத்தார். தோழி டீ வாங்கி வந்து கொடுத்தாள், அது ஆறிப்போனது. அவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார். எது நல்லா இருக்கும் என்று என்னிடம் கேட்டார். சொல்லிவிடலாம்தான், தொழில் அதுதானே. ஆனால் அந்த முகத்துக்கு எது பொருந்தும் என்று யோசித்தால் எனக்கு வாசலில் நிற்கிறவரின் முகம்தான் வந்தது. தெரியவில்லை அக்கா, நீங்களே பாருங்கள் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, அடுத்த அடுக்கிலிருந்து ஒரு துணியை எடுத்துத் தோள்மேல் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றார்.